பசங்க 777 போட்டாலும் கெர்னல் விடாது: ஃப்ரீபிஎஸ்டி-ல மேக் மாட்யூல் போடுறது எப்படி

ஒரே சர்வர்ல நிறைய பேருக்கு அக்கவுண்ட் கொடுத்து வச்சிருக்கீங்கன்னா மொதல்ல ஒண்ணு செஞ்சு பாருங்க. ரூட்டா இல்லாம சாதாரண யூசரா லாகின் பண்ணி பிஎஸ் ஆக்ஸ்-னு அடிங்க. நான் ஒரு காலேஜ் லேப் சர்வரை பாத்துக்கிட்டிருந்தப்ப அப்படித்தான் அடிச்சேன். ஃப்ரீபிஎஸ்டி-ங்கிற யூனிக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடுற மெஷின், 60 பசங்க அக்கவுண்ட், திரையில எல்லார் ப்ராசஸும் வரிசையா வருது, நடுவுல ஒரு பையன் ஓட்டிட்டிருந்த பைத்தான் ஸ்கிரிப்ட், அது பேருக்கு பக்கத்துலயே அவனோட டேட்டாபேஸ் பாஸ்வேர்டு முழுசா நிக்குது, ஒரு எழுத்து கூட மறையல. ஃபைலை எல்லாம் அவன் 600 (தன்னைத் தவிர மத்த யூசர் பாக்க முடியாத பர்மிஷன்) போட்டு பத்திரமாத்தான் வச்சிருந்தான், ஆனா கமாண்ட் லைன்ல கொடுத்ததை மொத்த லேபும் பாக்கலாம்னு அவனுக்கு யாரும் சொல்லல. அடுத்த வாரம் ஒரு பொண்ணு ஹோம் டைரக்டரி மொத்தத்துக்கும் 777 (யார் வேணும்னாலும் படிக்கலாம் எழுதலாம்ங்கிற பர்மிஷன்) போட்டு வச்சிருந்தா, எங்கயோ ஒரு டுடோரியல்ல பர்மிஷன் எரர் வந்தா இதைப் போடுன்னு இருந்துச்சாம். ரெண்டு பேரையும் உக்கார வச்சு சொல்லிக் கொடுத்தேன். ஆனா அடுத்த வருஷம் புதுசா 60 பேர் வருவாங்களே, ஒவ்வொருத்தரும் தப்பு பண்ணி கத்துக்கிற வரைக்கும் அவங்க டேட்டா திறந்தே கிடக்கணுமா?

அப்ப தேடிப் பிடிச்சதுதான் இந்த மேக் மாட்யூல்கள். மேண்டேட்டரி ஆக்சஸ் கன்ட்ரோலைத்தான் சுருக்கி மேக்-ங்கிறாங்க, ஆப்பிள் கம்ப்யூட்டர் இல்ல, நெட்வொர்க் கார்டுல இருக்கிற மேக் அட்ரஸும் இல்ல. விஷயம் இதான்: யூனிக்ஸ்ல ஒரு ஃபைல் யாருதோ அதை யார் பாக்கலாம்னு முடிவு பண்றதும் அவங்கதான், அவங்க 777 போட்டா ஊருக்கே திறந்துடும். மேக்-ல அந்த முடிவுக்கு மேல அட்மின் வச்ச ரூல் ஒண்ணு கெர்னலுக்குள்ளயே, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டமோட மையத்துலயே, உக்காந்திருக்கும். ஹாஸ்டல்ல ரூம் சாவி பையன் கையில இருந்தாலும் ராத்திரி கேட்டைப் பூட்டுறது வார்டன்தானே, அந்த மாதிரி.

ஃப்ரீபிஎஸ்டி-ல இது எப்படி வந்துச்சுன்னா, ராபர்ட் வாட்சன் 2000-ல ஆரம்பிச்ச டிரஸ்டட்பிஎஸ்டி ப்ராஜெக்ட்ல உருவாகி, 2003 ஜனவரில வெளிவந்த 5.0-ல சேந்துச்சு. 8.0-ல இருந்து ஜெனரிக் கெர்னல்லயே உள்ள வருது, அதனால கெர்னலை நீங்க தனியா கம்பைல் பண்ண வேண்டாம். ஆப்பிள் இதே கோடை எடுத்து 2007-ல வந்த லெப்பர்ட்-ல போட்டாங்க, இன்னைக்கு ஐஃபோன்ல ஒரு ஆப் இன்னொரு ஆப்போட டேட்டாவைத் தொட முடியாம நிறுத்துற சாண்ட்பாக்ஸும் இந்த ஃப்ரேம்வொர்க் மேலதான் நிக்குது. அதனால யாரும் தொடாத ஏதோ பழைய சரக்குன்னு நினைச்சுடாதீங்க.

வேலை செய்யுற விதத்தை ஒரு நிமிஷம் புரிஞ்சுக்கிட்டு போயிடலாம், இது புரியாம போனா பின்னாடி ஒரு இடத்துல கண்டிப்பா முட்டும். கெர்னல்ல ஃபைல் திறக்கிற இடம், சாக்கெட்டை போர்ட்ல பைண்ட் பண்ற இடம், ஒரு ப்ராசஸ் இன்னொரு ப்ராசஸைப் பாக்கிற இடம்னு நூத்துக்கணக்கான இடத்துல "இதை விடலாமா?"ன்னு ஒரு கேள்வி கேக்கப்படும். ஏத்தி வச்சிருக்கிற ஒவ்வொரு மாட்யூலும் பதில் சொல்லும். எல்லாரும் சரின்னாத்தான் சரி, ஒரே ஒரு மாட்யூல் கூடாதுன்னாலும் கதை முடிஞ்சது. அதே நேரம் பழைய யூனிக்ஸ் பர்மிஷன் செக்கும் தனியா நடக்கும். அதாவது இங்க நாம போடப்போற மேக் மாட்யூல் எதையும் கூடுதலா *அனுமதிக்காது*, இருக்கிறதைக் குறைக்க மட்டும்தான் செய்யும். இதை மனசுல வச்சுக்கோங்க.

கமாண்ட் பேரை எல்லாம் இங்க தமிழ்லயே எழுதுறேன், டெர்மினல்ல வழக்கம்போல இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க. ஒவ்வொரு மாட்யூலுக்கும் மேன் பேஜ் இருக்கு, ஸ்பெல்லிங் சந்தேகம்னா அங்க பாருங்க.

கை வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு ஏற்பாடு. ஒண்ணு, கன்சோல் ஆக்சஸ் இருக்கணும், எஸ்எஸ்ஹெச் மட்டும் நம்பி இறங்காதீங்க. ரெண்டாவது, ரூட் ஃபைல்சிஸ்டம் இசட்எஃப்எஸ்-னா ஒரு பூட் என்விரான்மென்ட் (இப்ப இருக்கிற சிஸ்டத்தோட நகல்) எடுத்து வச்சுடுங்க:

பிஇசிடிஎல் கிரியேட் மேக்-முன்னாடி

(பேரை இங்கிலீஷ்ல உங்க இஷ்டத்துக்கு வைங்க.) ஏதாவது ஏடாகூடமா ஆனா பூட் மெனுல பழசைத் தேர்ந்தெடுத்து திரும்பி வந்துடலாம். யூஎஃப்எஸ்-னா சிங்கிள் யூசர் மோட்ல பூட் பண்ணி, மவுன்ட் -யூ / போட்டு, லோடர்.கான்ஃப்-ல (பூட் ஆகும்போது எந்த மாட்யூலை ஏத்தணும்னு சொல்ற ஃபைல்) சேத்த வரியை எடுத்துட்டா போதும்.

இனி முதல் மாட்யூல், மேக்_சீஅதர்யூஐடிஸ். அந்தப் பையனோட பாஸ்வேர்டு பிரச்சனைக்கு மருந்து இதுதான்:

கேஎல்டிலோட் மேக்_சீஅதர்யூஐடிஸ்
சிஸ்சிடிஎல் செக்யூரிட்டி.மேக்.சீஅதர்யூஐடிஸ்

முதல் கமாண்ட் மாட்யூலை கெர்னல்ல ஏத்தும், ரெண்டாவது கமாண்ட்ல இதோட செட்டிங் எல்லாம் வரும், எனேபிள்டு 1-னு இருக்கான்னு பாத்துக்கோங்க. இப்ப இன்னொரு டெர்மினல்ல ஒரு ஸ்டூடன்ட் அக்கவுண்ட்ல நுழைஞ்சு பிஎஸ் ஆக்ஸ் அடிங்க, அவனோட ரெண்டு மூணு ப்ராசஸ் மட்டும் நிக்கும், மீதி எதுவும் இருக்கிற மாதிரியே தெரியாது. டாப்-லயும் அப்படித்தான், யார் எந்த போர்ட்ல கனெக்ஷன் வச்சிருக்காங்கன்னு காட்டுற சாக்ஸ்டாட்-லயும் அடுத்தவன் சாக்கெட் காணாம போயிடும். இன்னொருத்தனோட ப்ராசஸ் நம்பரை எப்படியோ தெரிஞ்சு வச்சுக்கிட்டு கில் போட்டுப் பாத்தாலும், உனக்கு உரிமை இல்லன்னு சொல்லாது, அப்படி ஒரு ப்ராசஸே இல்லன்னுதான் பதில் வரும். உரிமை இல்லன்னு சொன்னா அந்த நம்பர்ல ஏதோ ஓடுதுங்கிற விஷயமாவது வெளில போயிடும்ல, அதைக்கூட விடாம யோசிச்சிருக்காங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

நியாயமா ஒண்ணு சொல்லிடணும், வெறும் இந்த மறைக்கிற வேலைக்கு மட்டும்னா மாட்யூலே வேண்டாம், செக்யூரிட்டி.பிஎஸ்டி.சீ_அதர்_யூஐடிஸ்-ங்கிற சிஸ்சிடிஎல்லை 0 ஆக்கினாலே போதும். மாட்யூல் எதுக்குன்னா விதிவிலக்கு கொடுக்கிறதுக்கு. எங்க லேப்ல ரெண்டு அசிஸ்டன்ட்ஸ் இருந்தாங்க, எவன் ப்ராசஸ் சிபியூவைத் தின்னுதுன்னு அவங்க பாத்தாகணும், அதுக்காக ரூட் பாஸ்வேர்டை அவங்க கையில கொடுக்க முடியாது. அவங்களுக்குன்னு ஒரு குரூப் போட்டு, அதோட நம்பர் 500-னு வைங்க:

சிஸ்சிடிஎல் செக்யூரிட்டி.மேக்.சீஅதர்யூஐடிஸ்.ஸ்பெசிஃபிக்ஜிஐடி=500
சிஸ்சிடிஎல் செக்யூரிட்டி.மேக்.சீஅதர்யூஐடிஸ்.ஸ்பெசிஃபிக்ஜிஐடி_எனேபிள்டு=1

இப்ப அந்த குரூப்ல இருக்கிறவங்களுக்கு மட்டும் எல்லாம் தெரியும். நம்பரை மொதல்ல வச்சுட்டு எனேபிள் பண்றதை ரெண்டாவதா செய்யுங்க. பிடிக்கலன்னா கேஎல்டிஅன்லோட் போட்டா பழையபடி ஆயிடும், ரீபூட் கூட வேண்டாம்.

அடுத்தது 777 பிரச்சனை. இதுக்கு மேக்_பிஎஸ்டிஎக்ஸ்டெண்டட், என்னைக் கேட்டா இந்த வரிசையிலயே பெரிய பொக்கிஷம் இதுதான். ஃபைலுக்கு ஃபயர்வால் மாதிரின்னு வச்சுக்கோங்க, ரூல் எழுதுற கமாண்டும் யூஜிஐடிஎஃப்டபிள்யூ, ஐபிஎஃப்டபிள்யூ-ங்கிற நெட்வொர்க் ஃபயர்வாலை ஓட்டினவங்களுக்கு பேரைப் பாத்ததுமே புரிஞ்சிருக்கும். ஒரு ரூல்ல மூணு பங்கு: யார் தொடுறாங்க, யாரோட பொருளைத் தொடுறாங்க, என்ன வரைக்கும் தொடலாம். முதல் பங்கு சப்ஜெக்ட், ரெண்டாவது ஆப்ஜெக்ட், மூணாவது மோட். மோட்ல ஆர் படிக்க, டபிள்யூ எழுத, எக்ஸ் ஓட்ட, எஸ் ஃபைலோட விவரம் பாக்க, ஏ ஓனர்ஷிப் பர்மிஷன் மாத்துற மாதிரி நிர்வாக வேலைக்கு, என்-னா ஒண்ணுமே கிடையாது.

மாட்யூலை மொதல்ல முன்னாடி மாதிரியே கேஎல்டிலோட் போட்டு ஏத்திடுங்க. பசங்களோட யூஐடி (யூசர் நம்பர்) 2001-ல இருந்து 2060 வரைக்கும்னு வைங்க. நான் போட்ட ரூல் இது, ஒரே வரி:

யூஜிஐடிஎஃப்டபிள்யூ ஆட் சப்ஜெக்ட் யூஐடி 2001:2060 ஆப்ஜெக்ட் யூஐடி 2001:2060 ! யூஐடி_ஆஃப்_சப்ஜெக்ட் மோட் என்

மெதுவா படிங்க. 2001-ல இருந்து 2060-க்குள்ள இருக்கிற ஒருத்தன், அதே வரம்புக்குள்ள இருக்கிற ஒருத்தரோட ஃபைலைத் தொட வந்தா, அது *அவனுதே* இல்லாத பட்சத்துல, ஒண்ணும் கிடையாது. அந்த ஆச்சரியக்குறி இல்லன்னு அர்த்தம் கொடுக்குது, அதுக்கு முன்னும் பின்னும் ஒரு இடைவெளி விடணும். அதை மட்டும் விட்டுட்டீங்கன்னா ரூல் தலைகீழாயிடும், தன்னோட ஃபைலை தானே திறக்க முடியாம பசங்க எல்லாரும் உங்க டேபிளுக்கு வந்து நிப்பாங்க.

போட்டதும் யூஜிஐடிஎஃப்டபிள்யூ லிஸ்ட் அடிச்சு கெர்னல் என்ன புரிஞ்சுக்கிச்சுன்னு ஒரு தடவை பாத்துடுங்க. அப்புறம் ஒரு ஸ்டூடன்ட்டா மாறி அந்தப் பொண்ணோட 777 டைரக்டரில எல்எஸ் போட்டுப் பாத்தேன், பர்மிஷன் டினைட்-னு வந்துச்சு. ரூட்டா போய் பாத்தா அதே டைரக்டரி இன்னும் 777 தான், ஆர்டபிள்யூஎக்ஸ் மூணு தடவையும் அப்படியே நிக்குது. வாசல் கதவு அகலமா திறந்து கிடந்தும் யாராலயும் உள்ள போக முடியலங்கிறதை கண்ணால பாத்தப்பதான் மேண்டேட்டரிங்கிற வார்த்தைக்கு எனக்கு முழுசா அர்த்தம் புரிஞ்சது. வெப்சர்வருக்கு இதனால பாதிப்பு இல்ல, அது ஓடுறது டபிள்யூடபிள்யூடபிள்யூ யூசரா, அதோட யூஐடி 80, நம்ம வரம்புலயே வராது, அதனால பசங்களோட ஹோம் பேஜ் எல்லாம் வழக்கம்போல வரும்.

ஆனா ரெண்டாவது நாளே ஒரு கம்ப்ளைன்ட் வந்துச்சு, நியாயமான கம்ப்ளைன்ட். நாலு பேர் சேந்து ஒரு ஷேர்டு ஃபோல்டர்ல ப்ராஜெக்ட் பண்றாங்க, ஒருத்தர் போட்ட ஃபைல் இன்னொருத்தருக்கு திறக்கல. ஃபைலோட ஓனர் இன்னொரு ஸ்டூடன்ட்தானே, ரூல் தன் வேலையைத்தான் செஞ்சிருக்கு. இதுக்கு வழி குரூப்தான். ஃப்ரீபிஎஸ்டி-ல ஒரு டைரக்டரிக்குள்ள புது ஃபைல் போட்டா அந்த டைரக்டரியோட குரூப்தான் ஃபைலுக்கும் வரும், லினக்ஸ்ல மாதிரி செட்ஜிஐடி பிட்டெல்லாம் தனியா வைக்க வேண்டாம். அதனால ப்ராஜெக்ட் ஃபோல்டரை 3000-ங்கிற குரூப்புக்கு மாத்திட்டு, ரூல்ல ஆப்ஜெக்ட் பங்குல இதையும் சேத்தேன்:

ஆப்ஜெக்ட் யூஐடி 2001:2060 ! ஜிஐடி 3000 ! யூஐடி_ஆஃப்_சப்ஜெக்ட் மோட் என்

குரூப் 3000 இருக்கிற ஃபைலை இந்த ரூல் கண்டுக்காது, அங்க சாதாரண யூனிக்ஸ் பர்மிஷன் மட்டும் பேசும். பழைய ரூலை யூஜிஐடிஎஃப்டபிள்யூ ரிமூவ் போட்டு அதோட நம்பரைக் கொடுத்து எடுத்துட்டு புதுசைப் போடுங்க, ரெண்டும் சேந்து இருந்தா பழசு தடுத்துக்கிட்டே இருக்கும்.

ஏதாவது மர்மமா திறக்கலன்னா செக்யூரிட்டி.மேக்.பிஎஸ்டிஎக்ஸ்டெண்டட்.லாகிங்-ஐ 1 ஆக்கிட்டு மறுபடி முயற்சி பண்ணுங்க, தடுக்கப்பட்டது எல்லாம் சிஸ்லாக்-ல ஆத்ப்ரிவ் வழியா விழும், எந்த யூசர் எங்க முட்டுறான்னு தெரிஞ்சுடும். ஒரு எச்சரிக்கை மட்டும், சப்ஜெக்ட் பக்கம் யூஐடி வரம்பு போடாம எந்த ரூலும் எழுதாதீங்க, ஒரே வரில சிஸ்டமோட பாதி கதவை மூடிடலாம்.

மூணாவது, மேக்_போர்ட்ஏசிஎல். ஆரம்பத்துல முட்டும்னு சொன்னேனே, அந்த இடம் இதுதான். 1023-ம் அதுக்குக் கீழயும் இருக்கிற போர்ட்டை ரூட் மட்டும்தான் திறக்கலாம்ங்கிறது பழைய யூனிக்ஸ் வழக்கம், அதனாலயே 443-ல நிக்க வேண்டிய ஒரு சின்ன ஆப்பைக்கூட ரூட்டா ஸ்டார்ட் பண்ணி விடுறாங்க, பாக்கவே பயமா இருக்கும். இந்த மாட்யூல் வச்சு குறிப்பிட்ட ஒரு யூசருக்கு குறிப்பிட்ட போர்ட்டை மட்டும் ஒதுக்கலாம். ஆப் ஓடுற யூஐடி 1005-ன்னா:

கேஎல்டிலோட் மேக்_போர்ட்ஏசிஎல்
சிஸ்சிடிஎல் செக்யூரிட்டி.மேக்.போர்ட்ஏசிஎல்.போர்ட்_ஹை=1023
சிஸ்சிடிஎல் செக்யூரிட்டி.மேக்.போர்ட்ஏசிஎல்.ரூல்ஸ்=யூஐடி:1005:டிசிபி:80,யூஐடி:1005:டிசிபி:443

ரூலை நேரா கெர்னலே படிக்குது, அதுக்கு யூசர் பேர் எல்லாம் தெரியாது, நம்பர்தான் கொடுக்கணும். இவ்வளவு செஞ்சுட்டு ஆப்பை ஸ்டார்ட் பண்ணினா அப்பவும் பர்மிஷன் டினைட்-னுதான் வரும். ஏன்? இந்த மாட்யூல் எதையும் கூடுதலா அனுமதிக்காது. போர்ட்ஏசிஎல் சரின்னு சொல்லிடுச்சு, ஆனா ரூட்டுக்கு மட்டும்ங்கிற பழைய செக் இன்னும் அங்கயே நிக்குது. அதை விலக்கணும்:

சிஸ்சிடிஎல் நெட்.ஐநெட்.ஐபி.போர்ட்ரேஞ்ச்.ரிசர்வ்டுஹை=0

எரர் மெசேஜைக் கவனிச்சாலே யார் தடுக்கிறாங்கன்னு கண்டுபிடிச்சுடலாம். பர்மிஷன் டினைட்-னு வந்தா பழைய செக், ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்-னு வந்தா போர்ட்ஏசிஎல். இது தெரியாம நான் ஒரு சாயங்காலம் முழுக்க ரூல் லைனையே திருப்பித் திருப்பி எழுதிட்டிருந்தேன்.

வரிசையும் முக்கியம், கேட்டுக்கோங்க. மாட்யூல் ஏறாம ரிசர்வ்டுஹை மட்டும் 0 ஆயிட்டா, எந்த யூசர் வேணும்னாலும் எந்த போர்ட்டையும் திறக்கலாம், முன்னாடி இருந்ததை விட மோசம். எனக்கே இது நடந்துச்சு. லோடர்.கான்ஃப்-ல மாட்யூல் பேர்ல ஒரு எழுத்தை விட்டிருந்தேன், ரீபூட் ஆனப்ப மாட்யூல் ஏறல, சிஸ்சிடிஎல்.கான்ஃப் மட்டும் தன் வேலையைச் செஞ்சு ரிசர்வ்டுஹையை 0 ஆக்கிடுச்சு, ஒரு பையனோட டெஸ்ட் சர்வர் 80-ல போய் உக்காந்துடுச்சு. அவன் தெரிஞ்சு செய்யல, பிழை என்னுது. அதுல இருந்து ஒவ்வொரு ரீபூட்டுக்கு அப்புறமும் ஸ்டூடன்ட் அக்கவுண்ட்ல இருந்து என்சி -எல் 81 (81-ம் போர்ட்டைத் திறந்து பாக்கிற கமாண்ட்) அடிச்சுப் பாக்கிறேன், ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்-னு வந்தாத்தான் எனக்கு நிம்மதி.

நிரந்தரமா வைக்கிறதுக்கு, மூணு மாட்யூலோட பேருக்கும் பின்னாடி _லோட்="யெஸ்" சேத்து /பூட்/லோடர்.கான்ஃப்-ல ஆளுக்கொரு வரி எழுதுங்க. சிஸ்சிடிஎல் வரிகள் எல்லாம் /இடிசி/சிஸ்சிடிஎல்.கான்ஃப்-க்கு போகும். யூஜிஐடிஎஃப்டபிள்யூ ரூல் ரீபூட்ல மறைஞ்சுடும், அதனால அதை ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்ல எழுதி வச்சு, ஆர்சி.கான்ஃப்-ல யூஜிஐடிஎஃப்டபிள்யூ_எனேபிள்="யெஸ்" போட்டு, பிஎஸ்டிஎக்ஸ்டெண்டட்_ஸ்கிரிப்ட்-ல அந்த ஃபைலோட பாதையைக் கொடுங்க. ஒரு வாரமாவது கையால ஏத்தி இறக்கிப் பாத்துட்டு அப்புறம் இதைச் செய்யுங்க, அவசரம் வேண்டாம்.

பிபா, எம்எல்எஸ், லோமேக்-னு இன்னும் மூணு மாட்யூல் இருக்கே, அது என்னன்னு சில பேர் கேப்பீங்க. அது எல்லாம் லேபிள் வகை. ஒவ்வொரு ஃபைலுக்கும் ப்ராசஸுக்கும் உயர்ந்தது தாழ்ந்ததுன்னு ஒரு சீட்டு ஒட்டி, பிபா-ல நம்பகம் குறைஞ்சதைப் படிக்கவும் கூடாது உயர்ந்ததுல எழுதவும் கூடாது, எம்எல்எஸ்-ல ரகசியத்துக்காக அதுக்கு நேர் எதிர். இதெல்லாம் ஓடிட்டிருக்கிற சிஸ்டத்துல கேஎல்டிலோட் போட்டா ஏறாது, பூட் ஆகும்போதே ஏறணும். ஃபைலுக்கு ஃபைல் லேபிள் வேணும்னா யூஎஃப்எஸ்-ல சிங்கிள் யூசர் மோட்ல டியூன்எஃப்எஸ் -எல் எனேபிள் போட்டாகணும். எந்தப் ப்ரோக்ராம் எதைத் தொடும்னு மொத்த சிஸ்டத்துக்கும் ஒரு வரைபடம் உங்க கையில இல்லன்னா அந்தப் பக்கம் போகாதீங்க, ஷேர்டு சர்வருக்கு மேல சொன்ன மூணுமே நிறைய.

இன்னொண்ணு, ரூட் கையை விட்டுப் போயிட்டா இதெல்லாம் காப்பாத்தாது, ரூட்டா வந்தவன் கேஎல்டிஅன்லோட் போட்டுடுவான். அதைக் கொஞ்சம் கஷ்டப்படுத்தணும்னா ஆர்சி.கான்ஃப்-ல கேர்ன்_செக்யூர்லெவல்_எனேபிள்="யெஸ்"-னும் கேர்ன்_செக்யூர்லெவல்="1"-னும் போடுங்க. லெவல் 1-க்கு ஏறிட்டா மாட்யூலை ஏத்தவும் முடியாது இறக்கவும் முடியாது, லெவலைக் குறைக்கணும்னா ரீபூட்தான். ஆனா சிஸ்சிடிஎல்ல எனேபிள்டு-வை 0 ஆக்கிறதை இது தடுக்காது. இந்த மூணு மாட்யூலும் யூசரை யூசர்கிட்ட இருந்து காப்பாத்துறதுக்கு, அந்த அளவுல நம்புங்க.

புது பேட்ச் வர்ற ஜூன் ஜூலைல ஒண்ணை மட்டும் மறந்துடாதீங்க, யூஐடி 2061-னு ஒரு அக்கவுண்ட் போட்டீங்கன்னா அது ரூலுக்கு வெளில நிக்கும், அந்தப் பிள்ளையோட ஃபைலுக்கும் பாதுகாப்பு இருக்காது, மத்தவங்க 777 போட்டு வச்சதை அந்தப் பிள்ளை திறக்கிறதையும் ரூல் தடுக்காது. நான் இப்ப அக்கவுண்ட் போடுறதுக்கு முன்னாடியே ரூல்ல வரம்பை 2999 வரைக்கும் நீட்டிட்டு, அப்புறம்தான் ஆட்யூசர் அடிக்கிறேன்.